பேக்கப்பும் அதே கட்டடத்தில் இருந்தால்? ஸ்ட்ராஸ்பூர்க் தீயை வைத்து ஹோஸ்டிங்கைப் புரிந்துகொள்வது

2021 மார்ச் 10, புதன்கிழமை, நள்ளிரவு 12.47 மணி. பிரான்சின் கிழக்கு எல்லையில், ரைன் ஆற்றை ஒட்டிய ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டரில், அதாவது இணையதளங்கள் இருக்கும் கணினிகளை அடுக்கி வைத்த வளாகத்தில், தீப்பிடித்தது. அந்த வளாகத்தில் நான்கு கட்டடங்கள், எஸ்பிஜி 1 முதல் எஸ்பிஜி 4 வரை. தீ தொடங்கிய எஸ்பிஜி 2 ஐந்து மாடி. அது முழுவதும் எரிந்து போனது. பக்கத்தில் இருந்த எஸ்பிஜி 1-இல் பன்னிரண்டு அறைகளில் நான்கு போயின. மற்ற இரண்டையும் தீ தொடவில்லை, ஆனால் வளாகம் முழுக்க மின்சாரத்தை நிறுத்தியதால் அவையும் அணைந்தன. ஒருவருக்கும் காயம் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

ஓவிஹெச் ஏதோ தெருமுனை நிறுவனம் இல்லை. 1999-இல் ஒக்டாவ் க்ளாபா தொடங்கியது, ரூபே நகரில் தலைமையகம், ஐரோப்பாவிலேயே இந்தத் தொழிலில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. தீக்கு இரண்டு நாள் முன்னால்தான் பங்குச்சந்தைக்கு வரப்போவதாக அறிவித்திருந்தார்கள். ஹோஸ்டிங் வாங்கப் போகிறேன், எந்த நிறுவனம் நல்லது என்று யாராவது கேட்டால் நான் பெயர் எதுவும் சொல்லாமல் முதலில் இந்தக் கதையைச் சொல்வது அதனால்தான். பெரிய பெயர், நல்ல விலை, இருபத்தைந்து வருட அனுபவம் எல்லாம் சரி. உங்கள் இணையதளத்தின் இன்னொரு நகல் (பேக்கப்) எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் பதில் ஆகாது.

முதலில் ஹோஸ்டிங் என்றால் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று பார்த்துவிடலாம். உங்கள் தளம் என்பது சில ஆயிரம் ஃபைல்களும் ஒரு டேட்டாபேஸும். அவை எங்கோ ஒரு கட்டடத்தில், ஒரு இரும்பு அடுக்கில் செருகியிருக்கும் கணினியின் டிஸ்க்கில் கிடக்கின்றன. அந்த டிஸ்க்கில் கொஞ்சம் இடம், அந்தக் கணினியின் வேகத்தில் ஒரு பங்கு, அதற்கு வரும் இணைய இணைப்பு, அறுபடாத மின்சாரம், குளிர்ச்சி, இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆட்கள், இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் வாடகை. ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும், அதில் ஒன்றுக்குக் கூட்டம் வந்தால் மற்றவை மெதுவாகும். விபிஎஸ் என்றால் ஒரு கணினியை மென்பொருளால் பல துண்டாக்கி உங்களுக்கு ஒரு துண்டு. டெடிகேட்டட் என்றால் கணினி முழுக்க உங்களுடையது. கிளவுட் என்றால் நிறைய கணினிகளைச் சேர்த்துக் கட்டி, வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. விலையும் வேகமும் வசதியும் இதில் மாறும். ஆனால் அந்த ராத்திரி எஸ்பிஜி 2-இல் இருந்த எல்லா வகையும் ஒரே மாதிரிதான் எரிந்தது. மாதம் சில யூரோ கட்டியவரின் விபிஎஸ்ஸும் பெரிய நிறுவனத்தின் தனிக் கணினியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அன்று ராத்திரி நடந்தது

தீ தொடங்கியது மின்சார அறையில். யுபிஎஸ் கருவிகளும் பேட்டரிகளும் இருந்த இடம். தீயணைப்புத் துறையின் வெப்பக் கேமராப் படங்களில் இரண்டு யுபிஎஸ்கள், ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும், எரிவது தெரிந்தது என்று க்ளாபா பிறகு ஒரு வீடியோவில் சொன்னார். அதில் ஏழாம் எண் யுபிஎஸ்ஸுக்கு முந்தின நாள் காலையில்தான் பராமரிப்பு வேலை நடந்திருந்தது. பாகங்கள் மாற்றி, பிற்பகலில் மறுபடி ஓட விட்டிருந்தார்கள். அதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை, நடந்த வரிசை இது.

வந்த தீயணைப்பு வீரர்கள் உடனே தண்ணீர் அடிக்க முடியவில்லை. மின்சார அறையின் கதவைச் சுற்றி ஒரு மீட்டருக்கும் அதிக நீளத்துக்கு மின்பொறி பாய்ந்துகொண்டிருந்தது என்று அவர்களுடைய அறிக்கை சொல்கிறது. வளாகத்துக்கு மொத்தமாக மின்சாரத்தைத் துண்டிக்க ஒரே ஒரு சுவிட்ச் இல்லை. முழுவதும் துண்டிக்கக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது. கட்டடத்தில் தானியங்கித் தீயணைப்பு அமைப்பும் இல்லை. மாடிகளின் தரை மரத்தால் ஆனது, ஒரு மணி நேரம் மட்டுமே தீயைத் தாங்கும் என்ற கணக்கில் போட்டது. இதற்கு மேல், ஏசி இல்லாமல் வெளிக்காற்றிலேயே சர்வர்களைக் குளிர்விக்கும்படி கட்டடத்தை வடிவமைத்திருந்தார்கள். கீழிருந்து காற்று உள்ளே வந்து சூடாகி மேலே போகும் அந்த வழி, தீப்பிடித்ததும் புகைபோக்கி ஆகிவிட்டது. கடைசியில் ரைன் ஆற்றிலிருந்து தீயணைப்புப் படகும் வந்து தண்ணீர் அடித்தது.

இந்த இடத்தில் நான் ரொம்ப யோசித்திருக்கிறேன். மின்சாரம் எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக்கூடாது என்று ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு லைன் போனால் இன்னொன்று, அதுவும் போனால் பேட்டரி, அப்புறம் ஜெனரேட்டர். நாம் விளம்பரத்தில் பார்த்து மகிழும் 99.9 சதவீத அப்டைம் (தளம் நிற்காமல் ஓடும் நேரத்தின் பங்கு) இந்த ஏற்பாட்டிலிருந்துதான் வருகிறது. அந்த ராத்திரி மின்சாரத்தை நிறுத்தவே முடியாமல் போனதற்கும் இதே ஏற்பாடு ஒரு காரணம். மின்தேவையைக் குறைத்து நமக்கு மலிவாக ஹோஸ்டிங் தர உதவிய காற்றோட்ட வடிவமைப்பே தீயை மேலே ஏற்றியது. தளம் நிற்காமல் ஓடுவது ஒரு விஷயம், தளத்தின் தகவல் பிழைத்திருப்பது முற்றிலும் வேறு விஷயம். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதும் கூடவே வருகிறது என்று நினைப்பதுதான் ஹோஸ்டிங் வாங்குபவர்களிடம் நான் பார்க்கும் மிகப் பெரிய குழப்பம்.

விடியும் முன்பே, மூன்றரை மணிக்குப் பிறகு, க்ளாபா ட்விட்டரில் நிலைமையைச் சொல்லி, உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தை இயக்குங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதினார். மறைக்காமல் உடனே சொன்னதை நான் மதிக்கிறேன், பல நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை. ஆனால் மாதம் சில யூரோவுக்கு ஒரு கடையின் தளத்தை நடத்துபவரிடம் அப்படி ஒரு திட்டம் இருந்திருக்குமா? பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்பதே அந்த வரியைப் படித்தபோதுதான் தெரிந்திருக்கும்.

இணையத்தைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 4,64,000 டொமைன்களை, அதாவது இணைய முகவரிப் பெயர்களை, சேர்ந்த 36 லட்சம் தளங்கள் அன்று முடங்கின. பாரிசின் பொம்பிடூ கலை மையத்தின் தளம், பிரெஞ்சு அரசின் திறந்த தரவுத் தளம் எல்லாம் அதில் உண்டு. இவற்றில் நிறைய தளங்கள் சீக்கிரமே திரும்பி வந்தன, வேறு இடத்தில் நகல் இருந்ததால். ரஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை நடத்தும் ஃபேஸ்பஞ்ச் ஸ்டுடியோஸ், ஐரோப்பாவில் தங்களுடைய 25 சர்வர்கள் முழுமையாகப் போய்விட்டன, தகவலை மீட்க முடியாது என்று அறிவித்தது. அந்த விளையாட்டில் உலகத்தை மாதம் ஒருமுறை அவர்களே அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது வழக்கம், அதனால் ஆட்டக்காரர்கள் ஓரளவு தாங்கிக்கொண்டிருப்பார்கள். வாடிக்கையாளர் பட்டியலும் பில்லும் கணக்கும் வைத்திருக்கும் தளத்துக்கு அப்படிச் சமாதானம் கிடையாது.

பணம் கட்டி வாங்கிய பேக்கப்

சரி, பேக்கப் எடுக்காதவர்கள் இழந்தார்கள், அது அவர்கள் பாடு என்று தோன்றலாம். எனக்கு வயிறு எரிவது இன்னொரு கூட்டத்துக்காக. இவர்கள் விபிஎஸ்ஸுடன் சேர்த்து, கூடுதல் பணம் கட்டி, தானாக பேக்கப் எடுக்கும் வசதியையும் அதே நிறுவனத்திடமே வாங்கியிருந்தார்கள். பொறுப்பாகத்தான் நடந்துகொண்டார்கள். தீ அணைந்த பிறகு பேக்கப்பைக் கேட்டபோது அதுவும் எரிந்துவிட்டது என்று பதில் வந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

அப்படி இழந்த ஒரு பிரெஞ்சு நிறுவனம் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்தில் பேக்கப், விபிஎஸ் இருக்கும் கட்டமைப்பிலிருந்து பௌதிகமாகப் பிரித்து வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. பிரித்துத்தான் வைத்தோம், வேறு கணினியில் இருந்தது என்பது ஓவிஹெச் தரப்பு. தீ எங்கள் கையை மீறியது என்றும் வாதிட்டார்கள். லீல் நகர வணிக நீதிமன்றம் 2023 ஜனவரியில் இரண்டையும் ஏற்கவில்லை. எல்லா நகலையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு அதைப் பிரித்து வைத்தது என்று சொல்ல முடியாது, இப்படிப்பட்ட விபத்துக்காகத்தானே பேக்கப்பே என்பது தீர்ப்பின் சாரம். இழப்பீடு தரச் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் இன்னொரு வாடிக்கையாளருக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

இழப்பீட்டை விட எனக்கு முக்கியமாகப் படுவது நாள்கணக்கு. 2021 மார்ச்சில் தீ, முதல் நீதிமன்றம் வாய் திறக்கவே 2023 ஜனவரி. வழக்கறிஞர் வைத்து இரண்டு வருடம் காத்திருக்க முடிந்த நிறுவனத்துக்குத்தான் அதுவும். தீர்ப்பு பணத்தைத் தரும், எரிந்த டேட்டாபேஸைத் தராது.

அதனால் ஹோஸ்டிங் பார்க்கும்போது விளம்பரப் பக்கத்தில் பேக்கப் இலவசம் என்ற வரியோடு நிற்காதீர்கள், விதிமுறைப் பக்கத்தைத் திறந்து பேக்கப் என்ற சொல் வரும் இடங்களை மட்டுமாவது தேடிப் படியுங்கள். பத்து நிமிட வேலை. பெரும்பாலான ஷேர்டு ஹோஸ்டிங் ஒப்பந்தங்களில், நாங்கள் பேக்கப் எடுப்போம் ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை, உங்கள் தகவலுக்கு நீங்களே பொறுப்பு என்கிற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். ஃபைல்களின் எண்ணிக்கையோ மொத்த அளவோ ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தக் கணக்குக்குப் பேக்கப் எடுப்பதையே நிறுத்திவிடுவோம் என்றும் சிலர் எழுதியிருப்பார்கள். வருடக்கணக்காகப் படங்கள் ஏற்றிய தளம், பழைய மெயில் எல்லாம் அப்படியே கிடக்கும் கணக்கு, இரண்டுமே சத்தமில்லாமல் அந்த வரம்பைத் தாண்டிவிடும். யாரும் உங்களுக்கு போன் செய்து சொல்ல மாட்டார்கள்.

வாங்குவதற்கு முன்னால் அவர்களுடைய சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி எழுதிக் கேளுங்கள்: என் தளம் எந்த ஊரில் எந்த டேட்டா சென்டரில் இருக்கும், பேக்கப் எந்த ஊரில் இருக்கும், எத்தனை நாள் வரை வைத்திருப்பீர்கள், மீட்டுத் தர எவ்வளவு நேரம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? இரண்டு ஊர்ப் பெயரைத் தெளிவாக எழுதிப் பதில் தரும் நிறுவனத்தை நான் ஒரு படி மேலே வைப்பேன். கவலைப்படாதீர்கள் சார், எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். இந்த ஒரு மெயில் சப்போர்ட்டின் தரத்தையும் சேர்த்தே காட்டிவிடும், எத்தனை மணி நேரத்தில் பதில் வந்தது, கேட்டதைப் படித்துவிட்டு எழுதினார்களா, ஏற்கெனவே தயாராக வைத்திருந்ததை ஒட்டி அனுப்பினார்களா என்று.

பழைய வரலாற்றையும் பாருங்கள். இதே ஸ்ட்ராஸ்பூர்க் வளாகம் 2017 நவம்பர் 9 காலையிலும் முழுசாக இருண்டது. இரண்டு மின்லைன்களும் ஒன்றாகப் போயின, ஜெனரேட்டர்கள் கிளம்பவில்லை. கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி உருவாக்கிய எஸ்பிஜி 1, எஸ்பிஜி 4 இரண்டையும் கழற்றிவிடப் போகிறோம் என்று அப்போது நிறுவனம் சொன்னது. 2021-இல் தீப்பிடித்தபோது அவை அங்கேயே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு நிறுவனத்துக்குக் கோளாறு வந்தது என்பதற்காக நான் அதை ஒதுக்க மாட்டேன், கோளாறு வராத நிறுவனம் கிடையாது. அதற்குப் பிறகு செய்வதாகச் சொன்னதைச் செய்தார்களா என்று பார்ப்பேன்.

இன்னொரு கட்டடம் போதுமா

போதாது. இதற்கு டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் உதாரணம். 2023 ஆகஸ்ட் 18 அதிகாலை அந்த ஹோஸ்டிங் நிறுவனத்தைப் பிணைத்தொகை கேட்கும் வைரஸ் தாக்கியது. ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்குச் சர்வர்களை மாற்றிக்கொண்டிருந்த நேரம். ஏற்கெனவே தொற்று இருந்த சில கணினிகள் உள் நெட்வொர்க்கோடு இணைந்துவிட, தாக்கியவர்களுக்கு மைய நிர்வாக அமைப்பும், அங்கிருந்து முதல் பேக்கப்பும், இரண்டாவது பேக்கப்பும் கையில் கிடைத்தன. எல்லாம் பூட்டப்பட்டது. பிணைத்தொகை கொடுக்கப் போவதில்லை, பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தகவல் அனைத்தும் போய்விட்டது என்று நிறுவனமே அறிவித்தது. தீ கட்டடத்தோடு நின்றுவிடும். திருடப்பட்ட நிர்வாகி பாஸ்வேர்டு எத்தனை ஊரில் பேக்கப் இருந்தாலும் எட்டும்.

இதற்கு நேர் எதிராக யூனிசூப்பர். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியம். 2024 மே மாதம், கூகுள் கிளவுடில் இவர்களுக்கான தனிக் கிளவுடை அமைத்தபோது நடந்த ஒரு தவறால் அது முழுவதும் நீக்கப்பட்டது. இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வைத்திருந்தார்கள், அது நீக்கப்பட்டதும் இரண்டும் சேர்ந்து போயின. ஆனால் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சேவை தடைப்பட்டாலும் தகவலோடு திரும்பி வந்தார்கள்.

ஆக ஒரு நகலாவது உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கைக்கே எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். சின்னத் தளத்துக்கு இது பெரிய செலவு இல்லை. வேறொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்தில் கொஞ்சம் இடம், அல்லது வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், கடைக்கு வாரம் ஒருமுறை, தினமும் ஆர்டர் வரும் தளத்துக்குத் தினமும். ஒன்றைக் கவனியுங்கள்: சர்வரே பேக்கப்பை வெளியே அனுப்பும்படி வைத்தால், அந்தச் சேமிப்பிடத்தின் பாஸ்வேர்டு சர்வரிலேயே கிடக்கும். சர்வருக்குள் புகுந்தவர் பேக்கப்பையும் அழித்துவிட்டுப் போவார். வெளியிலிருந்து வந்து இழுத்துக்கொள்ளும்படி வையுங்கள், முடியாவிட்டால் புதிதாக எழுத மட்டும் அனுமதி கொடுத்து அழிக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

டொமைனையும் ஹோஸ்டிங்கையும் ஒரே இடத்தில் வாங்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதும் இதனால்தான். முதல் வருடம் டொமைன் இலவசம் என்று இழுப்பார்கள். ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு ஏதாவது ஆனாலோ, அவர்களோடு பில் தகராறு வந்தாலோ, டொமைன் தனியாக உங்கள் பெயரில் வேறு இடத்தில் இருந்தால் பேக்கப்பைப் புது சர்வரில் ஏற்றி டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைன் எந்தச் சர்வரைக் காட்ட வேண்டும் என்ற பதிவில், முகவரியை மாற்றினால் போதும். டொமைனும் அவர்களிடமே மாட்டியிருந்தால் பேக்கப் கையில் இருந்தும் பயனில்லை. தளத்தை அமைத்துத் தந்தவரின் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்காக அதைக் கவனிக்காத கடைக்காரர்கள் நம்மூரில் ஏராளம். இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்டைம் சதவீதத்தைப் பற்றி சுருக்கமாக. 99.9 என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் வரை தளம் முடங்கலாம். 99 என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல். அதையும் தாண்டினால் பொதுவாகக் கிடைப்பது அந்த மாத வாடகையில் ஒரு பகுதி, உங்கள் வியாபார நஷ்டம் இல்லை. விலையைப் பார்க்கும்போது முதல் வருட விலையை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள், இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம். வருபவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் என்றால் மும்பையிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ சர்வர் இருப்பது வேகத்துக்கு நல்லது, பேக்கப் அதே ஊரில் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

எடுத்துப் பார்த்த பேக்கப்தான் பேக்கப்

மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினார்கள். தினசரி எடுக்கும் பேக்கப் மென்பொருளின் வெர்ஷன் டேட்டாபேஸின் வெர்ஷனோடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றால் மெயில் வரும்படி வைத்திருந்தார்கள், அந்த மெயில்களும் மெயில் சர்வரின் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்னால் கையால் எடுத்த நகல் ஒன்று கிடைத்ததால் பிழைத்தார்கள். தொழில்நுட்பமே தொழிலாக இருக்கும் இடத்தில் இந்த நிலை. அவர்கள் அதை அப்படியே வெளியே எழுதியது எல்லோருக்கும் செய்த பெரிய உதவி.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சி-பேனல் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குக் குறிப்பாக ஒன்று. அதில் முழுக் கணக்கையும் பேக்கப் எடுக்கும் பொத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி எடுத்ததை நீங்களே சி-பேனலில் ஏற்ற முடியாது, ஹோஸ்டிங் நிறுவனத்தின் நிர்வாகி ஏற்றித் தர வேண்டும். அதனால் ஃபைல்களைத் தனியாகவும் டேட்டாபேஸைத் தனியாகவும் இறக்கி வையுங்கள், இவற்றை எந்த நிறுவனத்திலும் யார் தயவும் இல்லாமல் ஏற்றலாம்.

அப்புறம் மாதத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, இறக்கியதை உங்கள் சொந்தக் கணினியில் எக்ஸ்ஏஎம்பிபி (கணினியையே சின்ன சர்வராக்கும் மென்பொருள்) போட்டு ஏற்றிப் பாருங்கள். டேட்டாபேஸ் ஃபைலின் அளவு போன மாதத்தை விடத் திடீரென்று சிறுத்திருந்தால் பாதியில் அறுந்திருக்கலாம். நேற்று வந்த ஆர்டரோ கடைசியாக எழுதிய பதிவோ அதில் இருக்கிறதா என்று தேடுங்கள், படங்கள் திறக்கின்றனவா என்று நாலைந்தைச் சொடுக்கிப் பாருங்கள், தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறாமல் வருகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். டேட்டாபேஸை இறக்கும்போதோ ஏற்றும்போதோ எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 இல்லாமல் போனால் நம் தளங்களில் முதலில் அடிபடுவது அதுதான், இறக்கும்போதே கெட்டிருந்தால் அந்தக் கோப்பிலிருந்து எழுத்துகளைத் திரும்ப எடுக்க வழியில்லை.